எல்லைப்புறத் தொகுதிகளும் அவற்றின் தேர்தல் வரலாறும்

பாலக்காட்டு நகரத்திற்குக் கிழக்கே, வாளையாற்று எல்லைக்குச் சற்று முன்பாக அமைந்துள்ள கஞ்சிக்கோடு கேரளத்தின் முக்கியமான தொழில் மையங்களில் ஒன்றாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாயில், கோயமுத்தூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் கேரளத்திற்குள் நுழையும் வாயிலில் இது இருக்கிறது. 1970-களில் மத்திய அரசின் கருவியமைப்புத் தொழிற்சாலையும் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையும் இப்பகுதிக்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து தனியார் ஆலைகள் பெருகின. தமிழும் மலையாளமும் பேசுவோர் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் இவ்வட்டாரத்தில், பிற்காலத்தில் வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் குடியேறியுள்ளனர்.

இவ்வூர் இருக்குமிடம் மாறவில்லை. ஆனால் 1952 முதல் இவ்வட்டாரத்து வாக்காளர் சேர்க்கப்பட்ட மக்களவைத் தொகுதியின் பெயரும், அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் எண்ணிக்கையும், அதன் ஒதுக்கீட்டு நிலையும், எல்லையும் பலமுறை மாறிவிட்டன. வாக்குரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. அந்த வாக்கு யாருடைய வாக்குகளோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதைத் தொகுதியின் கோடு தீர்மானிக்கிறது. ஓர் இடத்தைச் சேர்ந்தவர் யார் என்ற வினாவும் அக்கோட்டிற்கு அடியில் மறைந்து நிற்கிறது. பாலக்காடு, இடுக்கி ஆகிய எல்லைப்புற மாவட்டங்களின் தேர்தல் வரலாற்றைக் கொண்டு இவ்விரண்டையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வரையறையின் விதிகள்

ஒவ்வொரு ஜனத்தொகைக் கணக்கெடுப்பிற்குப் பின்னரும் மக்களவை இடங்களை மாநிலங்களிடையே பகிர்ந்து, தொகுதிகளையும் திருத்தியமைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 82ஆம் பிரிவு கூறுகிறது. சட்டமன்றத் தொகுதிகளுக்கு 170ஆம் பிரிவு வழிவகுக்கிறது. இப்பணியைச் செய்வதற்கு 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டுக் கமிஷன்கள் அமைக்கப்பட்டன.

மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் மாறியதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. 1962-இல் சென்னை மாநிலத்திற்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967-இல் அவை 39 ஆயின. கேரளத்தின் இடங்கள் 18-இலிருந்து 1967-இல் 19 ஆகவும், 1977-இல் 20 ஆகவும் உயர்ந்தன. 1976-இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம், குடும்பநலத் திட்டத்தில் முன்னேறிய மாநிலங்கள் இடங்களை இழக்கலாகாது என்ற கருத்தில், 1971ஆம் ஆண்டின் தொகையையே அடிப்படையாக நிலைநிறுத்தியது. 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளிவரும் வரை நீட்டித்தது. எனினும் மாநிலத்திற்குள் தொகுதி எல்லைகளை மாற்றியமைக்கத் தடை இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 87ஆம் திருத்தம் அதற்கு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான கமிஷன் அவ்வாறு வரைந்த எல்லைகள் 2008-இல் நடைமுறைக்கு வந்தன.

தொகுதி வரைவது எவருடைய கையில் இருக்கிறது என்பது எல்லா நாடுகளிலும் எழுந்த பிரச்சினை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்தாண்டுக்கொரு முறை நடைபெறும் கணக்கெடுப்பிற்குப் பிறகு, பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றங்களே காங்கிரஸ் தொகுதிகளை வரைகின்றன. ஆளும் கட்சி தனக்கு வசதியாகக் கோடு வரையும் வழக்கத்திற்கு, 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயராலேயே ஒரு வசைச்சொல் பிறந்தது. இந்தியாவில் நீதிபதியின் தலைமையில் தேர்தல் கமிஷனின் பங்கேற்போடு சுதந்திரமான அமைப்பு ஒன்று இப்பணியைச் செய்கிறது. அதன் ஆணை சட்டத்தின் வலிமை உடையது. அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது என்று 1966-இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் நெறிகளுக்குப் பொருந்தாத, வெளிப்படையான தன்னிச்சை ஆணையை மட்டும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2024-இல் அந்நிலை ஓரளவு தெளிவுபடுத்தப்பட்டது. ஆகவே ஆணை வெளிவந்த பின் முறையிடுவதைக் காட்டிலும், வரைவு வெளிவந்த காலத்தில் கருத்துக் கூறுவதே பயன் தரும்.

பொன்னானியிலிருந்து பாலக்காடு

1952-இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலின்போது பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பாலக்காடு என்ற பெயரில் மக்களவைத் தொகுதி அப்போது இல்லை. இப்பகுதி பொன்னானி என்னும் இரட்டை உறுப்பினர் தொகுதிக்குள் அடங்கியது. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் கே. கேளப்பனும், காங்கிரஸின் ஈயச்சரனும் அங்கிருந்து தேர்வு பெற்றனர். இரட்டை உறுப்பினர் முறையில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டு இடங்களில் ஒன்று ஷெட்யூல்டு வகுப்பினருக்கு உரியது.

1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் உருவாயிற்று. 1957 ஜனவரி 1 முதல் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. மலபாரின் கிழக்குப் பகுதியோடு, முன்னர்க் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த சித்தூரும் அதில் இணைந்தது. அவ்வாண்டு தேர்தலில் பாலக்காடு இரட்டை உறுப்பினர் தொகுதியாக அமைந்து, கம்யூனிஸ்டுக் கட்சியின் பி. குஞ்ஞனையும் காங்கிரஸின் ஈயச்சரனையும் அனுப்பியது.

இரட்டை உறுப்பினர் முறை நீடிக்கவில்லை. தொகுதிகளின் பரப்பு மிகப் பெரிதாக இருந்தது. தேர்தல் செலவும் மிகுந்தது. 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் ஷெட்யூல்டு பழங்குடியினரான இருவரே இரண்டு இடங்களையும் பெற, வி.வி. கிரி தோல்வியுற்றார். ஒதுக்கீட்டிற்கு உரியவர் பொது இடத்தையும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் அம்முடிவை ஏற்றது. பின்னர் 1961ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டைத் தொகுதிகளை ஒழித்தது. அதன் விளைவாக 1962-இல் பாலக்காடு ஷெட்யூல்டு வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட ஓர் உறுப்பினர் தொகுதியாயிற்று, பி. குஞ்ஞன் மீண்டும் வென்றார். 1967-இல் அது பொதுத் தொகுதியாயிற்று. ஒரே வாக்குச் சாவடிக்கு வந்த ஒரே குடும்பத்தினர், பதினைந்து ஆண்டுகளில் நான்கு பொதுத் தேர்தல்களில் மூன்று வகை முறைகளைக் கண்டனர்.

1967-இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஈ.கே. நாயனாரும், 1971-இல் ஏ.கே. கோபாலனும் பாலக்காட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றனர். 1977-இல் காங்கிரஸின் சுன்னா சாகிபும், 1980-லும் 1984-லும் வி.எஸ். விஜயராகவனும் வெற்றி பெற்றனர். 1989-இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஏ. விஜயராகவன் வென்றார், 1991-இல் வி.எஸ். விஜயராகவன் தொகுதியை மீட்டார். 1996 முதல் 2004 வரை நடைபெற்ற நான்கு தேர்தல்களிலும் என்.என். கிருஷ்ணதாஸ் தேர்வு பெற்றார். 2009-லும் 2014-லும் எம்.பி. ராஜேஷும், 2019-லும் 2024-லும் காங்கிரஸின் வி.கே. ஸ்ரீகண்டனும் வென்றனர்.

இவ்வரிசையில் வாக்கு வித்தியாசங்கள் கவனத்திற்குரியன. 2009-இல் வித்தியாசம் 1,820 வாக்குகளே. 2014-இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2019-இல் எதிர்த்தரப்பு 11,637 வாக்குகளில் வென்றது. 2024-இல் 75,283 வாக்குகளில் வென்றது. 2009-இல் இருந்த வித்தியாசம், ஒரு சில வாக்குச் சாவடிகளின் எல்லைக்குள் அடங்கக்கூடியது. இத்தகைய தொகுதியில் சில ஊராட்சிகள் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் முடிவைத் தொடவல்லது.

2008ஆம் ஆண்டின் கோடு

2008-இல் பாலக்காடு மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் 11-இலிருந்து 12 ஆயின. அவை மூன்று மக்களவைத் தொகுதிகளில் பிரிக்கப்பட்டன. பட்டாம்பி, ஷொர்ணூர், ஒற்றப்பாலம், கோங்காடு, மன்னார்க்காடு, மலம்புழை, பாலக்காடு ஆகிய ஏழும் பாலக்காட்டுத் தொகுதியாயின. தரூர், சித்தூர், நெம்மாறை, ஆலத்தூர் ஆகிய நான்கும், திருச்சூர் மாவட்டத்தின் சேலக்கரை, குன்னங்குளம், வடக்காஞ்சேரி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆலத்தூர் என்ற புதிய ஒதுக்கீட்டுத் தொகுதியாயின. திருத்தாலா பொன்னானியோடு சேர்ந்தது. முன்னர் 1984, 1989, 1991 தேர்தல்களில் கே.ஆர். நாராயணனைத் தேர்ந்தெடுத்த ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதி மறைந்தது.

கஞ்சிக்கோடு அமைந்துள்ள பாலக்காட்டுப் புதுசேரி ஊராட்சி மலம்புழைச் சட்டமன்றத் தொகுதியில் இருப்பதால், அது பாலக்காட்டோடு நின்றது. தமிழர் மிகுந்த கொழிஞ்சாம்பாறை வட்டாரம் சித்தூர்த் தொகுதியில் இருப்பதால் ஆலத்தூருக்குச் சென்றது. எல்லையை ஒட்டிய சமவெளியில் தொடர்ச்சியாக வாழும் தமிழ் பேசும் மக்கள், மக்களவையைப் பொறுத்தவரை இரண்டு உறுப்பினர்களுக்கு உரியவராயினர். இதனை எவருடைய சூழ்ச்சி என்றும் கூற இயலாது. மக்கள்தொகைச் சமன்பாடும், ஷெட்யூல்டு வகுப்பினர் செறிந்த பகுதிகளைக் கொண்டு ஒதுக்கீட்டுத் தொகுதி அமைக்கும் கடமையும் சேர்ந்து இவ்விளைவைத் தந்தன. 2002ஆம் ஆண்டுச் சட்டம் தொகுதி வரையும்போது நிலத்தொடர்ச்சி, இயற்கையமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி ஆகியவற்றைக் கருதச் சொல்கிறது. மொழி அப்பட்டியலில் இல்லை.

தனித்தொகுதி இல்லாவிடினும் ஓர் எல்லைப்புற வட்டாரம் செல்வாக்குப் பெறலாம் என்பதற்கும் மலம்புழையே சான்று. 1980-இல் முதலமைச்சரான ஈ.கே. நாயனாரும், 2006 முதல் 2011 வரை முதலமைச்சராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தனும் அப்பதவிக் காலங்களில் மலம்புழையின் சட்டமன்ற உறுப்பினர்களாக இருந்தவர்களே.

மலைப்பகுதியின் வரலாறு

பாலக்காட்டுக்குத் தெற்கே, இதே மாநில எல்லை மலைமேல் ஏறும் இடத்தில் இடுக்கி மாவட்டம் அமைந்துள்ளது. இங்குத் தொகுதி வினா மாநில எல்லை வினாவோடு பின்னிப் பிறந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், ஏ. நேசமணியின் தலைமையில் 1954 தேர்தலில் 12 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. தேவிகுளம் பகுதியும் அக்கட்சியை ஆதரித்தது.

பஸல் அலி தலைமையிலான மாநிலங்கள் புனரமைப்புக் கமிஷன் 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னைக்கும், தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்திற்கும் உரியன என்று அது பரிந்துரைத்தது. மொழி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், மலைப்பகுதியின் பொருளாதார, புவியியல் தொடர்புகளை அது முன்வைத்தது. தோட்டத் தொழிலாளர் அம்மண்ணில் நிலைத்த குடிகளா, வந்து செல்வோரா என்பது அன்றைய வாதங்களில் முக்கியமான ஒன்றாக இருந்தது.

மாநில எல்லை முடிவான பின்பு வாக்கின் திசை விரைவில் மாறியது. 1957-இல் தேவிகுளம் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸைத் தேர்ந்தெடுத்தது. வேட்பு மனு ஒன்று தவறாகத் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் அத்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1958-இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவரே மீண்டும் வென்றார். கேரளத்தின் முதல் இடைத்தேர்தலான அதில் இரு தரப்பும் தமிழிலேயே வாக்குக் கேட்டன. எல்லைக் கோரிக்கையைச் சார்ந்து வாக்களித்த தோட்டத் தொழிலாளர், சில ஆண்டுகளுக்குள் தொழிற்சங்கத்தையும் கூலி, குடியிருப்பு உரிமைகளையும் சார்ந்து வாக்களிக்கலாயினர்.

மக்களவையில் 1967-லும் 1971-லும் இம்மலைப்பகுதிக்குப் பீர்மேடு என்ற தொகுதி இருந்தது. முதலில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பி.கே. வாசுதேவன் நாயரும், பின்னர்க் கேரள காங்கிரஸின் எம்.எம். ஜோசப்பும் வென்றனர். 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தது. 1977-இல் இடுக்கித் தொகுதி தோன்றி, காங்கிரஸின் சி.எம். ஸ்டீபனை அனுப்பியது, அவர் 1978-இல் மக்களவையின் எதிர்க்கட்சித் தலைவரானார். 1980-இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் எம்.எம். லாரன்ஸும், 1984-இல் காங்கிரஸின் பி.ஜே. குரியனும், 1989-லும் 1991-லும் பாலா கே.எம். மாத்யூவும், 1999-லும் 2004-லும் கேரள காங்கிரஸ் பிரிவொன்றின் பிரான்சிஸ் ஜார்ஜும் வென்றவர்களுள் சிலர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு பற்றிய காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகள் குடியேறிய விவசாயிகளிடையே அச்சத்தை எழுப்பிய சூழலில், 2014-இல் இடதுசாரி ஆதரவு பெற்ற சுயேச்சையான ஜாய்ஸ் ஜார்ஜ் தேர்வானார். 2019-லும் 2024-லும் காங்கிரஸின் டீன் குரியாகோஸ் வென்றார்.

2008-இல் வரைந்தபடி, தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு, இடுக்கி, தொடுபுழை ஆகிய ஐந்தோடு எர்ணாகுளம் மாவட்டத்தின் மூவாற்றுப்புழையும் கோதமங்கலமும் இத்தொகுதியில் அடங்கின. உயர்மலையின் தோட்டத் தொழிலாளரும் கீழ்நிலத்து ரப்பர் விவசாயிகளும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராயினர். ஆகவே தோட்டத் தமிழரின் நேரடிப் பிரதிநிதித்துவம் தேவிகுளம் சட்டமன்ற ஒதுக்கீட்டுத் தொகுதியிலேயே தங்கியது. ஏ.கே. மணி, எஸ். ராஜேந்திரன் ஆகியோர் அங்கிருந்து மும்மூன்று முறை தேர்வு பெற்றனர். 2021-இல் வென்ற ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவர் அவ்வொதுக்கீட்டிற்கு உரியவரல்லர் என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் அத்தேர்தலை ரத்துச் செய்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அவருடைய குடும்பம் எப்போது தமிழகத்திலிருந்து வந்து குடியேறியது என்பதும் அவ்வழக்கில் ஆராயப்பட்டது. 1955-இல் எழுந்த வினா, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது.

கடலுக்கு அப்பால் ஒரு பாடம்

அவ்வினாவிற்கு வேறு விடை தரப்பட்டால் என்ன நேரும் என்பதை இலங்கை காட்டுகிறது. தமிழகத்திலிருந்து சென்று இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்தோர் 1947 தேர்தலில் வாக்களித்தனர். இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றத்திற்குச் சென்றனர், நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான் அவர்களுள் ஒருவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. 1952-இல் அம்மக்களின் சார்பில் ஒருவரும் தேர்வாகவில்லை. தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றது 1977-இல்தான்.

மூணாற்றுத் தொழிலாளியும் நுவரெலியாத் தொழிலாளியும் ஒரே வகை லயங்களில் வாழ்ந்து, ஒரே வகைக் கொழுந்தைப் பறித்தவர்கள். மூணாற்றில் இருந்தவருக்கு, எல்லைக் கோரிக்கை நிறைவேறாத போதிலும், வாக்கு நிலைத்தது. அந்த வாக்கைக் கட்சிகள் நாடி வந்தன. தேர்தல் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டைச் சிறிதாகக் கருதலாகாது.

கஞ்சிக்கோட்டின் புதிய குடிகள்

இவ்வினா இன்று கஞ்சிக்கோட்டில் வேறு உருவில் எழுகிறது. இங்குள்ள ஆலைகளில் உழைக்கும் வட மாநிலத் தொழிலாளர் பலரின் பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் சாதாரணமாகக் குடியிருக்கும் தொகுதியில் பதிவு பெறலாம் என்கிறது. தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் மட்டும் குடியிருப்பு அற்றுப்போவதில்லை என்றும் கூறுகிறது. ஜனத்தொகைக் கணக்கெடுப்போ, கணக்கெடுக்கும் காலத்தில் ஒருவர் வசிக்கும் இடத்தில் அவரைச் சேர்க்கிறது.

இரண்டையும் சேர்த்து நோக்கினால் ஒரு முரண் புலனாகும். தொகுதியின் அளவை நிர்ணயிக்கும் தொகையில் இத்தொழிலாளி கஞ்சிக்கோட்டில் எண்ணப்படுகிறார். வாக்கு அளிக்கும் நாளிலோ அவருடைய பெயர் பல நூறு மைல்களுக்கு அப்பால் இருக்கிறது. கூலியை இழந்து பயணம் செய்ய இயலாதவர் எங்கும் வாக்களிப்பதில்லை. வெளியூரிலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரத்தைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் அரசியல் கட்சிகளுக்கு விளக்க முற்பட்டது; கட்சிகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளி பொருளாதாரத்திற்கு உள்ளூர்க்காரராகவும் தேர்தலுக்கு வெளியூர்க்காரராகவும் நெடுங்காலம் நீடிப்பது ஜனநாயகத்திற்கு நலம் பயப்பதன்று.

அடுத்த வரையறையை நோக்கி

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 2025 ஜூன் 16-இல் அறிவிக்கப்பட்டது. 2023-இல் நிறைவேறிய 106ஆம் திருத்தம், பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டையும் தொகுதி வரையறையோடு இணைத்தது. மாநிலங்களிடையே இடங்களின் பங்கு பற்றியே பொதுவாக வாதங்கள் நிகழ்கின்றன. ஊராட்சி அளவில் விழும் கோடு அதே அளவு கவனம் பெறுவதில்லை. எல்லைப்புற மக்களின் நலம் பெரும்பாலும் அக்கோட்டில்தான் தங்கியிருக்கிறது.

இத்துறையில் அலுவலர் செய்யக்கூடியன சில உண்டு. வரைவு ஆணையும் வரைபடமும் அரசிதழில் வெளிவந்தால் மட்டும் போதாது; மொழிச் சிறுபான்மையினர் வாழும் ஊராட்சிகளில் அவர்களுடைய மொழியிலும் அவை கிடைக்க வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்திருப்பதால், இது புதிய சலுகை ஆகாது. கமிஷனின் பொது விசாரணை தலைநகரில் மட்டும் நடைபெறாமல், மூணாறு, சித்தூர் போன்ற இடங்களுக்கு அருகிலும் நடைபெறுவது பொருத்தம். தோட்ட லயங்களிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் வாக்காளர் பதிவு ஆண்டுதோறும் நேரில் சரிபார்க்கப்பட வேண்டும்.

மாணவர்கள் தம் ஊராட்சி 1952 முதல் எந்தெந்தத் தொகுதியில் இருந்தது, யார் வென்றார், எத்தனை வாக்கில் வென்றார் என்பதைப் பழைய ஆணைகளிலிருந்தும் தேர்தல் கமிஷன் அறிக்கைகளிலிருந்தும் தொகுத்து வரைபடமாக்கலாம். அவ்வாறு தொகுக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் கொண்டு, கஞ்சிக்கோட்டு ஊராட்சி உறுப்பினரோ தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளரோ கமிஷனின் முன் நிற்பாரானால், அவருடைய முறையீட்டிற்குச் சான்றின் வலிமை கிடைக்கும். வரைவின் மீது கருத்துக் கூறுவதற்கான காலம் குறுகியது. அது முடிந்த பின் வரும் ஆணை பல பொதுத் தேர்தல்களுக்கு நிலைத்து நிற்கும்.